மேடு, சரிவு, பள்ளம்: மாரிக்கு முந்திய கேள்விகள்

ஆவணி பிறந்தால் திருகோணமலை விவசாயிகளின் கடிதங்கள் குவியும். இம்முறையும் பாதிப்பேர் ஊரின் பெயரை எழுதவில்லை. காணி மேடா, சரிவா, பள்ளமா என்று எழுதியவர்கள் மூன்றே மூன்று பேர். வழக்கமான வேண்டுகோளை மறுபடியும் வைக்கிறேன்: கடிதம் எழுதுமுன் காணியின் நடுவில் இரண்டடிக் குழி ஒன்று வெட்டிப் பாருங்கள். கோடையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை. என்ன மண், எந்த ஆழத்தில் ஈரம், மாரியில் தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்பது தெரிந்தால் பாதிக் கேள்வி தானாகத் தீரும்.

தம்பலகாமம்: சிறுபோகத்தில் மூன்று மாத நெல்லை வைகாசிக் கடைசியில் விதைத்தேன். கதிர் நல்ல நீளம், ஆனால் பாதி சப்பி (பதர்). பூச்சியா, உரக்குறையா?

முதலில் ஒரு கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முழுக் கதிரும் வெளுத்து, இழுத்தவுடன் கையோடு வந்தால் தண்டு துளைக்கும் புழு. கதிர் உறுதியாக நிற்க, நெல்மணிகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சப்பியாக இருந்தால் பெரும்பாலும் காற்றும் சூடும். விதைத்த தேதியைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது.

மூன்று மாத நெல் விதைத்து அறுபது, அறுபத்தைந்து நாளில் பூக்கும். நீங்கள் விதைத்த கணக்குக்கு அது ஆடிக் கடைசி. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது வெறும் சூட்டுக் காற்றாக வருகிறது. நாம் கச்சான் என்பது அதைத்தான். நெற்பூ திறப்பது காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, காற்றும் வறண்டு அடித்தால் மகரந்தம் காய்ந்துபோகும், மணி கட்டாது. எந்த மருந்தும் அதைத் திருப்பாது. கடைக்காரர் தரும் 'டொனிக்' போத்தலும் திருப்பாது.

செய்யக்கூடியது இதுதான்: போகத்தின் ஆரம்பக் கூட்டத்தில் முடிவான தேதிக்கு, முதல் தண்ணீரோடு, சித்திரை நடுவுக்குள் விதையுங்கள். கதிர் வெளிவரும் நாளிலிருந்து இரண்டு கிழமைக்கு வயலில் இரண்டு, மூன்று அங்குலத் தண்ணீர் குறையாமல் நிற்கட்டும். வயற்கண்டம் முழுவதும் ஒரே வயதுள்ள இனம் போட்டால்தான் வட்டவிதானையும் அந்த நாட்களில் தண்ணீரை ஒழுங்காகப் பங்கிட முடியும். நான்கு பேர் நான்கு தேதியில் விதைத்துவிட்டு அவரோடு சண்டைக்குப் போவதில் நியாயமில்லை.

உவர்மலை, பாடசாலை மாணவி: இங்கேயும் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறதே, தேயிலை ஏன் வளர்வதில்லை?

நல்ல கேள்வி, பெரியவர்களின் கடிதங்களைவிடத் தெளிவாக இருக்கிறது. லண்டனில் விழுவது வருடத்துக்கு 600 மில்லிமீற்றர் அளவுதான். ஆனாலும் அங்கே புல் பச்சையாக இருக்கிறது. மொத்த அளவைவிட, மழை எந்த மாதங்களில் விழுகிறது, எவ்வளவு ஆவியாகிறது என்பவைதான் முக்கியம். நமக்கு மூன்றில் இரண்டு பங்கு மழை ஐப்பசி முதல் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நாலைந்து மாதம் வெயிலும் கச்சானும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும், பிஎச் 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண்ணும் வேண்டும். நமது செங்கபில மண் பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில். நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படிப்பட்ட உலர்வலயம்தான். அதனால்தான் நம் முன்னோர் இங்கே மலைச்சரிவில் தோட்டம் தேடாமல், குளம் கட்டி மழையைக் கோடைக்குச் சேமித்தார்கள்.

"என்னிடம் 10 ஏக்கர் இருக்கிறது. என்ன பயிரிட்டால் லாபம்?" (ஊர் இல்லை)

எந்த ஊர்? கிணறா, குளமா, வானமா? மாரியில் தண்ணீர் நிற்குமா? பக்கத்தில் யானை வருமா? இதெல்லாம் எழுதி மறுபடி அனுப்புங்கள். இதற்கு இப்போது விடை சொல்பவர் சாத்திரக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

நிலாவெளி: சின்ன வெங்காயத் தாளின் நுனி கருகுகிறது. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். கிணற்றை ஆழமாக்கலாமா?

ஆழமாக்கவே வேண்டாம். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல நீர் இருந்தால் கீழே சுமார் நாற்பதடி வரை நல்ல நீர் இருக்கும். பம்பி போட்டு மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு அதே கணக்கில் மேலே எழும்பப் பார்க்கும். ஆழமாக்குவது உப்புக்கு வழி திறந்துவிடும் வேலை.

ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து மின்கடத்துதிறன் பாருங்கள், உப்பின் அளவை அது காட்டும். விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே அளக்கலாம் என்று சொல்வார். வெங்காயம் உப்புக்குப் பயந்த பயிர். பாசன நீர் மீற்றருக்கு 0.8 டெசிசீமன் வரை கவலையில்லை. 1.2இல் பத்திலொரு பங்கும், 1.8இல் காற்பங்கும், 2.9இல் பாதியும் விளைச்சல் குறையும். பெரிய பம்பியை ஐந்து மணித்தியாலம் ஓட்டாமல், சின்னப் பம்பியைக் காலையில் ஒரு மணித்தியாலம், மாலையில் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். ஒரு ஆழக்கிணற்றைவிட இரண்டு ஆழமில்லாக் கிணறு மேல். பொட்டாசியத்துக்கு எம்ஓபி உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்றாகப் பிரியுங்கள், அதுவும் ஒரு உப்புத்தான். 2க்கு மேல் வந்துவிட்டதென்றால் அந்தக் கோடைக்கு வெங்காயத்தை விட்டுவிட்டுக் கௌபி போடுங்கள். அது வெங்காயத்தைவிட எவ்வளவோ உப்புத் தாங்கும்.

பன்குளம்: எங்கள் சிறு குளத்தின் கட்டுக்குக் கீழே ஒரு பற்றைக்காடு சும்மா கிடந்தது. டோசர் விட்டு வெளியாக்கி அரை ஏக்கர் வயலாக்கினேன். இரண்டு போகம் நன்றாக வந்தது. இப்போது அங்கேயும் பக்கத்து வயலிலும் வெள்ளைப் படலம் பூக்கிறது, பயிர் பத்தை பத்தையாகச் சாகிறது. என்ன உரம் போடலாம்?

உரம் இல்லை ஐயா. மருந்தும் இல்லை. நீங்கள் வெட்டியது பற்றைக்காடுமில்லை, குளத்தின் ஒரு உறுப்பு.

கருங்கல்லும் களியும் உள்ள நமது பகுதியில், எந்தக் குளக்கட்டாக இருந்தாலும் அடியால் கசிவு இருக்கும். அந்தக் கசிவு பாறை கரைந்த உப்பைத் தூக்கிக்கொண்டு வரும். கட்டுக்கும் வயலுக்கும் இடையில் இருந்த மரங்கள் அந்த நீரைக் குடித்து நிலத்தடி மட்டத்தை இறக்கி வைத்திருந்தன. உப்பும் அங்கேயே பள்ளத்தில் தங்கியது. மரம் போனதும் கசிவு வயலுக்குள் எழுகிறது, ஆடி ஆவணி வெயிலில் நீர் ஆவியாகி உப்பு மேலே படிகிறது. முதல் இரண்டு போகம் நன்றாக வந்ததற்குக் காரணம், இலைகுழை மக்கிய மண்ணில் சேமித்த வளம். அதை உங்கள் கெட்டித்தனம் என்று எண்ணிவிட்டீர்கள்.

இந்த ஒரு தவறை வருடாவருடம் யாராவது எழுதி அனுப்புகிறார்கள். கட்டுக்குக் கீழே ஒருவர் வெட்டுகிறார். மேலே, நீர்ப்பரப்பின் ஓரத்தில் நிற்கும் மருதையும் நாவலையும் இன்னொருவர் விறகுக்கு வெட்டுகிறார். அந்த ஓர மரங்கள்தான் காற்றின் வேகத்தைக் குறைக்கின்றன. கச்சான் காலத்தில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு ஐந்தாறு மில்லிமீற்றர் ஆவியாகும். மாதத்துக்கு அரையடி, நான்கு மாதத்துக்கு இரண்டடி. ஆறடி ஆழமுள்ள சிறு குளத்தில் மூன்றிலொரு பங்கு போய்விட்டது! பிறகு சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதவில்லை, தூர் வார வேண்டும் என்று மனு. தூர் வார வரும் இயந்திரமும் கட்டின் அடியில் உள்ள களியைக் கிளறிவிட்டால் கசிவு இன்னும் கூடும். வண்டலை மட்டும் எடுக்க வேண்டும், களி தெரிந்ததும் நிறுத்த வேண்டும், கட்டின் காலடியைத் தொடவே கூடாது.

திருத்தும் வழி இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். அந்த அரை ஏக்கரைத் திரும்பக் காடாக விடுங்கள்; அது பெரும்பாலும் குள ஒதுக்கு, உங்களுடையதாகவும் இருக்காது. கமநல சேவை நிலையத்தில் கேட்டால் எல்லை தெரியும். ஐப்பசி முதல் மழைக்குப் பள்ளத்தில் மருது, அதற்கு அடுத்து நாவல், புங்கு, விளிம்பில் இலுப்பை, வேம்பு. மரத்துக்கு மரம் பன்னிரண்டடி. ஆடுமாடு புகாமல் மூன்று வருடம் வேலி. யூக்கலிப்டஸ் வேண்டாம், அது நீரைக் குடிக்கும், ஆனால் கீழே ஒன்றையும் முளைக்க விடாது. குளக்கட்டின் மேல் எந்த மரமும் வைக்க வேண்டாம்: மரம் செத்தபின் வேர் உக்கி, அந்தத் துவாரத்தால் நீர் ஓடும். கட்டு உடைவதற்கு அது ஒரு பழைய வழி. பக்கத்து வயல்காரருக்கு, கட்டுப்பக்கமாக இரண்டடி ஆழத்தில் ஒரு வடிகால் வெட்டி ஓடைக்கு விடச் சொல்லுங்கள். மாரித் தண்ணீரால் வயலை நிரப்பி, இரண்டு நாளில் வடித்து, மூன்று முறை கழுவட்டும். மரம் வேர்விடும்வரை அது தாங்கும்.

மூதூர்: வயலில் 600 தேக்கு நட்டேன். இரண்டு வருடத்தில் இலை மஞ்சளாகி நுனி காய்கிறது.

பள்ளத்தில் தேக்கு! இரண்டடிக் குழியை மாரியில் வெட்டியிருந்தால் தண்ணீர் முழங்காலுக்கு நின்றிருக்கும். தேக்குக்குக் கோடை நன்றாகத் தெரிய வேண்டும், ஆழமான, நீர் வடியும் மண் வேண்டும். வேருக்குக் காற்று வேண்டும். மகாவலி வண்டல் வளமானதுதான், ஆனால் வெருகல் பக்கம் வெள்ளம் ஏறி நிற்கும் நிலம் வேறு. மேலும், வயற்காணியை அனுமதியின்றி வேறு பாவனைக்கு மாற்றுவதைச் சட்டம் தடுக்கிறது. அதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மேட்டுக்காணி இருந்தால் அங்கே எட்டடிக்கு எட்டடி, ஏக்கருக்கு 680 வரும். நடுவது பெருவிரல் பருமனான கட்டைக் கன்று: வேர் ஆறேழு அங்குலம், தண்டு ஓரங்குலம், மழை பிடித்த கிழமையில். ஐந்தாறு வருடத்தில் பாதியைக் கலைக்காவிட்டால் எல்லாம் வேலிக்கம்பாகவே நிற்கும். பொறுமையுள்ளவர் சமண்டலையும் கலந்து வைக்கலாம். வெளிநாட்டு மரச்சந்தையில் 'திருகோணமலை மரம்' என்று நம் ஊர்ப்பெயரிலேயே விற்ற மரம் அது. மதராஸ் கரையின் மசூலாப் படகுகளுக்குக் கூடப் போனது. இங்கே அதை யாரும் நடுவதில்லை, வெட்டத்தான் தெரியும்.

கிண்ணியா: கடலோர வயலில் உப்பு ஏறுகிறது. ஜிப்சம் எத்தனை மூடை?

ஜிப்சம் சோடியத்தால் இறுகிப்போன களர் மண்ணுக்கு. வெறும் உப்புக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் மருந்து. ஜிப்சம் போட்டால் இன்னுமொரு உப்பு சேரும். ஆற்றில் நீர் குறையும் ஆவணி, புரட்டாதியில் ஓடை வழியாகக் கடல் ஏறாமல் வாய்க்கால் முகத்தை மண்மூடையால் அடையுங்கள். முதல் பெருமழையை வரம்பு கட்டிப் பிடித்து வடித்து விடுங்கள், இரண்டு மூன்று தடவை. இனம் ஏடி 354, மூன்றரை மாதம், ஓரளவு உப்புத் தாங்கும். முளைத்து மூன்று கிழமைக்கும், பூக்கும் நேரத்திலும் வயல் காயக்கூடாது. காய்ந்தால் அந்த இனமும் சாகும்.

ஈச்சிலம்பற்று: மானாவாரிக்குப் புழுதி விதைப்பு எப்போது?

புரட்டாதிக் கடைசி, ஐப்பசி முதல் கிழமை. கார்த்திகை வெள்ளம் வருமுன் பயிர் முழங்காலுக்கு நிற்க வேண்டும். ஏக்கருக்கு இரண்டு, இரண்டரை புசல். நாலு புசல் போட்டால் நாலு பங்கு விளையாது, நெருக்கத்தில் சாய்ந்துவிடும்.

குச்சவெளி: கச்சான் காற்றில் கச்சான் (நிலக்கடலை) போடலாமா? காற்றுத்தடுப்புக்கு சவுக்கு நல்லதா?

நீர் இருந்தால் போடலாம். ஒன்றரையடிக்கு அரையடி, ஏக்கருக்கு சுமார் 40 கிலோ பருப்பு. பூக்கும்போது 100 கிலோ ஜிப்சம். இங்கே அது சரியான இடம், காய் மண்ணிலிருந்து சுண்ணாம்புச் சத்தை நேரே எடுக்கும். விழுது இறங்கியபின் மண்வெட்டி வேண்டாம்.

சவுக்கு நல்லதுதான். கச்சான் காற்றுக்கு மேற்கே, கடல் உப்புக்கும் வாடைக்கும் கிழக்கே, மூன்று வரிசை, ஆறடிக்கு ஒன்று, வரிசை மாற்றி. 2020 டிசம்பரில் புரவிச் சூறாவளி உங்கள் கரையில்தான் ஏறியது, ஆகவே ஒற்றை வரிசையை நம்ப வேண்டாம். சுவர்போல நெருக்கவும் வேண்டாம்; பாதிக்காற்று ஊடே போகட்டும், இல்லையென்றால் மேலே ஏறிச் சுழன்று பயிரில் இறங்கும். மரத்தின் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் பயன் தரும். பாத்திக்கு இருபதடி தள்ளி நடுங்கள், சவுக்கு இலை விழும் இடத்தில் எதுவும் முளைக்காது.

சாம்பல்தீவு: வளவிலுள்ள பலாவையும் ஒரு பெண்பனையையும் வெட்டலாமா?

இரண்டுக்கும் ஈரப்பலாவுக்கும் அனுமதி வேண்டும், சொந்தக் காணியானாலும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். மரத்தை ஏற்றவும் தனியாக அனுமதி வேண்டும். வெட்டியபின் கேட்கும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.