மூன்று பின் பிளக்கில் மேல் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது?

இந்திய வீடுகளில் பெரும்பாலும் இரண்டு அளவுச் சாக்கெட்டுகளே உண்டு: தொலைக்காட்சி, மிக்சி போன்றவற்றுக்கு 6 ஆம்பியர், கீசர், ஏ.சி. போன்றவற்றுக்கு 16 ஆம்பியர். இரண்டிலும் மேலே உள்ள பெரிய பின்தான் எர்த். அது கருவியின் உலோக உடலை நிலத்தோடு இணைக்கிறது.

ஏரிக்கு உபரிநீரை வெளியேற்றும் கலிங்கு எப்படியோ, கருவிக்கு எர்த் அப்படி. சாதாரண நாட்களில் அதன் வழியே ஒன்றும் போவதில்லை. உள்ளே ஒயர் தேய்ந்து மின்சாரம் உலோக உடலில் ஏறும்போது, அதைத் தொடுபவரின் உடல் வழியாகப் பாயாமல், தடை குறைந்த இந்தப் பாதையில் பெருமளவில் பாய்ந்து, ஃபியூஸையோ எம்.சி.பி. என்ற தானியங்கி சுவிட்சையோ துண்டிக்க வைக்கிறது.

நீளத்துக்குக் காரணம், செருகும்போது எர்த் முதலில் இணைய வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதே. தடிமனாக இருப்பதால் அது மற்றத் துளைகளுக்குள் தவறியும் நுழையாது. பல சாக்கெட்டுகளில் குழந்தைகளின் பாதுகாப்புக்காகக் கீழ்த்துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறப்பதும் இந்தப் பின்தான். (இரண்டு பின் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளையில் ஸ்க்ரூடிரைவரை விட்டு அந்தத் தடுப்பைத் திறப்பது ஆபத்தான பழக்கம்.) கைப்பேசி சார்ஜருக்கு இரண்டு பின்னே போதும், தொடக்கூடிய உலோக உடல் அதற்கு இல்லை, மின்காப்பும் இரட்டிப்பாக இருக்கும்.

எர்த் பின்னை வெட்டிய பிறகும் ஃபிரிட்ஜ் ஓடுகிறதே, அது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கருவியை ஓட்டுவது மற்ற இரண்டு பின்கள்தாம் என்பதால், அது ஓடுவது எர்த் சரியாக இருப்பதற்கோ தேவையற்றது என்பதற்கோ சான்றாகாது.