அப்பா பேசாமல் இருக்கிறார்

அன்புள்ள அண்ணா,

அப்பா கந்தப்பளைப் பக்கம் குத்தகைக் காணியில் லீக்ஸும் கரட்டும் போடுகிறார். இந்தமுறை விலை விழுந்து, பிடுங்கும் கூலிக்கே கட்டாது என்று லீக்ஸை அப்படியே விட்டுவிட்டார். அம்மாவின் நகை அடகில். இரண்டு மாதமாகப் பேச்சில்லை, தூக்கமில்லை. நடு இரவில் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா செய்வினை என்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் "எனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். என்ன செய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மா கோயிலுக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். அப்பாவும் கூடப் போனால் வீட்டை விட்டு இறங்கியதாகவாவது இருக்கும்.

2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை மே மாதம் நிறுத்தி நவம்பரில் தடையை விலக்கினார்கள். நடுவில் போன போகம் போனதுதான். வெலிமடையில் கிழங்கு போட்ட என் சித்தப்பாவும் அப்போது இப்படித்தான் இருந்தார். "எல்லாம் சரியாகும்" என்று நானும் போனிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். எரிச்சல்தான் பட்டிருப்பார். ஒருநாள் நேரில் போய், அவரோடு உட்கார்ந்து விதைக்கிழங்கு பொறுக்கினேன். இரண்டாவது மூட்டை பாதியில் நிமிராமலே சொன்னார்: "நான்தான்டா கணக்குப் பிழைச்சிட்டேன்." நாடே பிழைத்த கணக்கை அந்த மனுசன் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பைத்தியம்" என்ற சொல்லோடு சண்டை வேண்டாம். தூக்கமில்லை, பசியில்லை என்று சொல்லியே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இரண்டும் மனச்சோர்வின் அடையாளங்கள்தான். டாக்டருக்குத் தமிழ் வராவிட்டால் நீங்களே மொழிபெயர்க்கப் போய்விடாதீர்கள். மகன் வாய்வழியாகச் சொல்ல முடியாதது அப்பாவிடம் நிறைய இருக்கும். தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அவருடைய கூட்டாளி ஒருவரை அழைத்துப் போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். முதலில் நீங்களே எடுத்துப் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். பயிருக்கு அடிப்பதையும் நாம் மருந்து என்றுதான் சொல்கிறோம். அந்த மருந்து வீட்டில் இருக்க வேண்டாம். 1995இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியதற்குப் பெரிய காரணம், கொடிய நஞ்சுகளைத் தடைசெய்து கடையிலிருந்தே எடுத்ததுதான். அனுராதபுரம் பக்கம் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி கொடுத்தும் பார்த்தார்கள், குறையவில்லை. அதனால் பூட்டி வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். மிச்சத்தை வேறு யார் பொறுப்பிலாவது கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், "அப்பா, வாழவே வேண்டாம் என்று தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

அடகுச்சீட்டை அவரிடமிருந்து நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வட்டித் தேதியாவது அவர் தலையில் இல்லாமல் இருக்கட்டும். வரும் ஞாயிறு அந்த லீக்ஸ் பாத்தியைக் கொத்த அவரோடு இறங்குங்கள். பேசினாரா என்று எனக்கு எழுதுங்கள், பேசாவிட்டாலும் எழுதுங்கள்.