பிளீனத்துக்கு அடியில் பெட்ரோல் வாடை: பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே தொல்லையைப் பற்றியவை. கார் பழையது, எஞ்சின் அறை நெருக்கமானது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, ஆனால் கசியும் இடம் கண்ணுக்கும் எட்டவில்லை, கைக்கும் எட்டவில்லை. பதில்களுக்கு முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சின் அறையில் பெட்ரோல் வாடை வரும் காரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஏற்றிச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

என்னிடம் 1991ஆம் ஆண்டு நிசான் 300 இசட்எக்ஸ் ட்வின் டர்போ இருக்கிறது. குளிர்ந்த காலையில் முதல் ஸ்டார்ட்டில் வாடை கடுமையாக அடிக்கிறது. எஞ்சின் சூடானதும் மறைந்துவிடுகிறது. கோடை வரை தள்ளிப்போடலாமா?

கூடாது. வாடை மறைவதால் கசிவு நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்த ரப்பர் ஹோஸ் இறுகிப்போயிருக்கும். குளிரில் அது இன்னும் சுருங்கும். கிளாம்ப்பின் பிடி தளரும். பம்ப் அழுத்தம் கொடுத்த கணமே அந்த இடைவெளியில் பெட்ரோல் வெளியேறும். எஞ்சின் சூடானதும் ரப்பர் சற்று இளகி அடைத்துக்கொள்ளலாம். அடைக்காவிட்டாலும், சொட்டிய பெட்ரோல் சூட்டில் உடனே ஆவியாகிவிடுவதால் ஈரம் உங்கள் கண்ணில் படாது. தீப்பிடிப்பது அந்த ஆவிதான்.

உங்கள் காரில் இருப்பது விஜி30டிஇடிடி என்ற 3 லிட்டர் வி6 எஞ்சின். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் எரிபொருள் குழாய்களும் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் ரப்பர் ஹோஸ்கள் பின்பக்கம், எஞ்சின் அறையையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டை ஒட்டி ஒளிந்துகொண்டிருக்கும். இத்தனைக்கும் மேலே பிளீனம் என்ற அலுமினியக் காற்றுப்பெட்டி மூடியாக உட்கார்ந்திருக்கிறது. கசியும் பெட்ரோல் தரையில் சொட்டாமல் அந்தப் பள்ளத்திலேயே தேங்கும். காருக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்துவிட்டு "கசிவே இல்லை" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். பள்ளத்துக்கு இரு பக்கமும் சூடான டர்போக்கள் இருக்கின்றன என்பதையும் மறக்காதீர்கள்.

பிளீனத்தைக் கழற்றுவதற்கு முன்பே கசிவு அங்கேதான் என்று உறுதி செய்ய வழி உண்டா?

உண்டு. இரவு முழுவதும் ஆறவிட்ட எஞ்சினில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பம்ப் சில விநாடிகள் ஓடி அழுத்தம் ஏற்றும். மீண்டும் அணைத்து, மீண்டும் திருப்புங்கள். மெல்லிய கேமரா கேபிள் ஒன்றைப் பிளீனத்தின் பின்பக்க இடுக்கில் விட்டுப் பார்த்தால், கிளாம்ப் ஓரத்தில் புது ஈரம் பளபளக்கும். பழைய கசிவு என்றால் அந்த இடத்தில் தூசு கழுவப்பட்டு அலுமினியம் தனியாக வெளுத்துத் தெரியும். தீப்பொறி தரக்கூடிய பழைய கை விளக்கு எதையும் அருகே கொண்டுபோகாதீர்கள்.

கூடவே, எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சிறிய வேக்குவம் குழாயைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். அதற்குள் பெட்ரோல் நனைந்திருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது. அது வேறு வேலை. ஹோஸை மாற்றிப் பயனில்லை.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பிளீனத்தைக் கழற்றாமலே பின்னாலிருந்து கையை விட்டு ஹோஸை மாற்றிவிடலாம், பாதிச் செலவில் முடியும் என்கிறார். நம்பலாமா?

அவருக்குக் கைத்திறமை இருக்கலாம். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஹோஸை உருவிச் சொருகுவது ஒருவேளை முடியும். அது குழாயின் புடைப்பைத் தாண்டி முழுதாக ஏறியதா, கிளாம்ப் அந்தப் புடைப்புக்குப் பின்னால் நேராக உட்கார்ந்ததா, குழாயின் மேற்பரப்பில் துரு இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்காமல் சொல்ல முடியாது. பார்க்காமல் இறுக்கிய பெட்ரோல் இணைப்பை நம்பி ஒரு குடும்பத்தைக் காரில் ஏற்றக் கூடாது. இந்த வேலையில் பொருளின் விலை சொற்பம். அந்த இடத்தைச் சென்றடைவதற்குத்தான் கூலி. அந்தக் கூலியை ஒருமுறை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள்.

நீங்களே செய்வதானால் வேலை இப்படிப் போகும். முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். சிறிது ஓடித் தானே நிற்கும். இன்னும் இரண்டு மூன்று முறை சுழற்றிவிட்டுச் சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். எஞ்சின் முழுவதும் ஆறட்டும். அவசரம் இங்கேதான் ஆளைக் கொல்லும். நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான் கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் நெருப்பு பரவும்.

இந்தக் காரில், உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பகுதிக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. ஆகவே ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் கூலன்ட்டை இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டு பக்கக் காற்றுக்குழாய்கள், ஆக்சிலரேட்டர் கேபிள், வேக்குவம் குழாய்கள், மின் இணைப்பிகள். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து, இரு முனைகளிலும் ஒரே எண்ணை எழுதி ஒட்டுங்கள். முப்பது ஆண்டு சூடு பட்ட பிளாஸ்டிக் இணைப்பிகள் பிஸ்கட்டாக உதிரும். கம்பியைப் பிடித்து இழுக்காமல், பூட்டுக் கம்பியை முதலில் விலக்கிவிட்டு உடலைப் பிடித்து அசைத்து எடுங்கள்.

புகையில் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர் வால்வு உள்ள கார் என்றால், அதன் குழாய் இணைப்பு பிளீனத்தின் பின்பக்கம் இருக்கிறது. முழு வேலையிலும் பொறுமையை அதிகம் சோதிக்கும் இடம் அதுதான். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள். நீண்ட எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் மாட்டினால் ரேட்சட் போய்ச் சேரும். பிளீனத்தின் போல்ட்களை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். திரும்ப மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. பிளீனம் ஒட்டிக்கொண்டு வரவில்லையென்றால் இடுக்கில் ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் பிறகு அந்த வழியே காற்று கசிந்து எஞ்சின் தடுமாறும். ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் பிடி விடும்.

பிளீனம் எழும்பியதும் ஆறு காற்று வழிகளும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அடுத்த எந்த வேலைக்கும் முன்னால் அவற்றைத் துணியால் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். உள்ளே விழும் ஒரு சிறு நட் முழு எஞ்சினையும் பிரிக்க வைத்துவிடும்.

கழற்றிய பழைய ஹோஸைத் தூக்கி எறிவதற்கு முன் இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்தில், அதிலும் கிளாம்ப்பின் விளிம்பு பதிந்த இடத்தில், மயிரிழை வெடிப்புகள் வாய்பிளக்கும். மடக்கவே முடியாமல் குச்சியாக விறைத்து நின்றாலும் அது செத்துப்போன ஹோஸ்தான்.

கடையில் 'ஃபியூயல் ஹோஸ்' என்று கேட்டால் இரண்டு விலையில் தருகிறார்கள். எதை வாங்குவது?

ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 என்ற தரக்குறியீட்டில் ஆர்7 என்பது கார்புரேட்டர் கார்களின் குறைந்த அழுத்தத்துக்கானது. இன்ஜெக்ஷன் எஞ்சினுக்கு ஆர்9 வகைதான் வேண்டும். 300 இசட்எக்ஸ் காரில் வேக்குவம் குழாயைக் கழற்றிய நிலையில் எரிபொருள் அழுத்தம் ஏறத்தாழ 43 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரும். ஆர்7 ஹோஸின் வரம்பு 50 பி.எஸ்.ஐ.; அதாவது தொடக்கத்திலிருந்தே விளிம்பில் நிற்கும். ஆர்9 ஹோஸ் 100 பி.எஸ்.ஐ. தாங்கும்.

கிளாம்ப்பிலும் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டையில் வரிவரியாகத் துளை போட்ட சாதாரண வகை ரப்பரைக் கடித்துக் கிழிக்கும். விளிம்பு மடிந்த, உட்புறம் வழவழப்பான இன்ஜெக்ஷன் கிளாம்ப்களை வாங்குங்கள். கிளாம்ப்பின் திருகுத் தலையை, பிளீனம் ஏறிய பிறகும் ஸ்பேனர் எட்டக்கூடிய திசையில் வைத்து இறுக்குங்கள்.

திறந்ததுதான் திறந்தோம், வேறு எதையெல்லாம் மாற்றுவது?

பிளீனத்துக்கு அடியில் உள்ள எல்லா எரிபொருள் ஹோஸ்களையும் மாற்றுங்கள், கசிந்த ஒன்றை மட்டும் அல்ல. எல்லாம் ஒரே வயது, ஒரே சூட்டில் வெந்தவை. அங்கேயே உள்ள கூலன்ட் ஹோஸ்கள், எஞ்சின் ஆவி திரும்பும் பி.சி.வி. குழாய்கள், பிளீனம் கேஸ்கட் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

இன்ஜெக்டர்களை மீட்டரால் அளந்து பாருங்கள். 10 முதல் 14 ஓம் வரை இருந்தால் சுருள் நலமாக இருக்கிறது. ஓ-ரிங் என்ற ரப்பர் அடைப்பு வளையங்களை மட்டும் மாற்றினால் போதும். ஒன்று மட்டும் தனியே விலகி நின்றால் அதற்கு ஆயுள் முடியப்போகிறது. எஞ்சின் தட்டும் ஓசையை உணரும் நாக் சென்சார் இன்னும் கீழே, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் அடி மேனிஃபோல்டுக்கும் கீழே இருக்கிறது. பிழைக் குறியீடு வராதவரை அதைத் தொடாதீர்கள். இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் ஆரம்பித்தவர்களின் கார்கள்தான் பிரித்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கூடாரத்துக்குள் கிடக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

கசியும் இடத்தில் எபாக்ஸி பசை அல்லது டேப் சுற்றித் தற்காலிகமாகச் சமாளிக்கலாமா?

முடியாது. அழுத்தத்தில் உள்ள பெட்ரோல் எந்த டேப்பையும் மதிக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் இதெல்லாம் நடக்கிறதா?

எல்லாம் இல்லை, ஆனால் அதற்குப் பங்குண்டு. 1990களின் ரப்பரில் சில வகைகள் எத்தனாலில் ஊதி, பிறகு காய்ந்து வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார்களில் குழாய்கள் உள்ளேயே துருப்பிடிக்கும். இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் கலவைதான் பங்க்குகளில் கிடைக்கிறது. எந்தப் பழைய இன்ஜெக்ஷன் கார் வைத்திருந்தாலும் ரப்பர் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

மஸ்தா ஆர்எக்ஸ்-7, எஃப்டி மாடல். மேல் மேனிஃபோல்டுக்கு அடியில் முன்பக்கம் பெட்ரோல் ஈரம் தெரிகிறது. ஹோஸ்கள் புதியவை.

முதல் சந்தேகம் பல்சேஷன் டாம்ப்பர் மேல்தான். முதன்மை இன்ஜெக்டர்களுக்கான எரிபொருள் குழாயின் முனையில், பொத்தான் போல உட்கார்ந்திருக்கும் பகுதி அது. இன்ஜெக்டர்கள் திறந்து மூடும்போது எழும் அழுத்தத் துடிப்பை உள்ளே உள்ள சவ்வு தணிக்கிறது. சவ்வு கிழிந்தால் மேலே நடுவிலுள்ள சிறு துளை வழியாகப் பெட்ரோல் வெளியே வரும். அந்த இடம் ஈரமாக இருந்தால் தீர்ப்பு உறுதி.

இதில் கூடுதல் ஆபத்து என்னவென்றால், இந்தக் காரின் 13பி ரோட்டரி எஞ்சினில் காற்று உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. மேலே கசிந்தால் கீழே டர்போவின் சூடு காத்திருக்கிறது. டாம்ப்பரை நீக்கிவிட்டு வெறும் போல்ட்டால் அடைப்பவர்கள் உண்டு. சாலையில் ஓட்டும் காருக்குப் புதிய டாம்ப்பரே என் தேர்வு. வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள். ஒருமுறை நசுங்கியவை மறுமுறை அடைக்காது.

மேல் மேனிஃபோல்டைத் தூக்கியதும் இரட்டை டர்போவை அடுத்தடுத்து இயக்கும் வேக்குவம் குழாய்களின் காடு தெரியும். தொட்டால் ஒடியும் நிலையில் இருக்கும். அவற்றுக்குச் சிலிகான் குழாய் போடலாம். அதே சிலிகான் குழாயை மறந்தும் பெட்ரோல் வழியில் போட்டுவிடாதீர்கள். பெட்ரோலில் அது ஊறி உப்பிக் கெடும்.

போர்ஷே 944. எரிபொருள் குழாயின் நட்டைத் தளர்த்த முயன்றால் குழாயே சேர்ந்து முறுக்குகிறது.

இரண்டு ஸ்பேனர் வேண்டும். ஒன்றால் பின்னாலுள்ள அறுகோணப் பகுதியை அசையாமல் பிடித்து, மற்றதால் நட்டைத் திருப்புங்கள். சாதாரண ஸ்பேனர் முனையை மழுக்கிவிடும். குழாய் நட்டை ஐந்து பக்கம் பிடிக்கும் பிளவு ஸ்பேனர் வாங்குங்கள். குழாய் ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருந்தால் அதை நிமிர்த்திப் பயன்படுத்தாமல் புதிதாக மாற்றுங்கள். உலோகக் குழாயோடு ரப்பரை நசுக்கிப் பொருத்திய இணைப்பும் வயதானால் கசியும் என்பதால், அதை முழுத் தொகுப்பாகவே வாங்குவது சரி.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்த பிறகு மீண்டும் வாடை வந்தால் திரும்பவும் பிரிக்க வேண்டுமே?

அதனால்தான் மாட்டுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும். புதிய ஹோஸ்கள் ஏறியதும், பிளீனம் இன்னும் மேசையில் இருக்கும்போதே, காற்று வழிகளை அடைத்த துணி அப்படியே இருக்கட்டும். ஃபியூஸை மாட்டி, கடைசியாகப் பேட்டரியை இணைத்து, சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் பலமுறை திருப்பி அழுத்தம் ஏற்றுங்கள். ஸ்டார்ட்டர் சுழலவே கூடாது. வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஒவ்வொரு கிளாம்ப்பின் அடியிலும், ஒவ்வொரு இன்ஜெக்டரின் கழுத்திலும் ஒற்றி எடுங்கள். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒற்றுங்கள். மறுநாள் காலைக் குளிரில் இன்னொரு முறை. மூன்று முறையும் காகிதம் உலர்ந்து வந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு, துணிகளை எண்ணி எடுத்து, புது கேஸ்கட் வைத்துப் பிளீனத்தை ஏற்றுங்கள்.