மூட்டையை இழுப்பதா, தள்ளுவதா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பயிற்சிக் கணக்கு இது. சிமெண்ட் தரையில் கிடக்கும் 50 கிலோ அரிசி மூட்டையை, கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்த கயிற்றால் 200 நியூட்டன் விசையுடன் இழுக்கிறார்கள். உராய்வுக் குணகம் 0.3. நிகர விசை அவளுக்கு 26 நியூட்டன் என்று வருகிறது. விடைப் பகுதியிலோ 56 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பதில்: அச்சுப் பிழை இல்லை. கயிற்றின் விசையைக் கிடைக்கூறு 173.2 நியூட்டன், செங்குத்துக் கூறு 100 நியூட்டன் என்று பிரித்தது வரை உங்கள் மகள் சரியாகவே செய்திருக்கிறார். சறுக்கியது உராய்வில்தான். மூட்டையின் எடையான 490 நியூட்டனை (50 × 9.8) அப்படியே 0.3 ஆல் பெருக்கி, கிடைத்த 147ஐ 173.2இலிருந்து கழித்திருப்பார்.

உராய்வைத் தீர்மானிப்பது எடை அன்று. தரை மூட்டையை மேல்நோக்கித் தாங்கும் செங்குத்து விசையே. சாய்ந்த கயிறு மூட்டையை முன்னே இழுப்பதோடு 100 நியூட்டன் அளவுக்குச் சற்றே தூக்கியும் கொடுப்பதால், தரை தாங்க வேண்டியது 390 நியூட்டன் மட்டுமே. அதனால் உராய்வும் 117 ஆகக் குறைகிறது. 173.2இலிருந்து 117ஐக் கழித்தால் 56.2. மேலும் கீழுமாக உள்ள விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், நிகர விசை முழுவதும் கிடைத்திசையில்தான். அதே 200 நியூட்டனைக் கயிற்றைச் சாய்க்காமல் கிடைமட்டமாகச் செலுத்தினால் 53 நியூட்டன்தான் மிஞ்சும் என்பதையும் அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்கின் சுவையான பகுதி இனிமேல்தான். ஓய்வில் இருக்கும் அதே மூட்டையைப் பின்னாலிருந்து, 30 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து, அதே 200 நியூட்டனால் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். இப்போது 100 நியூட்டன் எடையோடு சேர்ந்து தரையை அழுத்துவதால் செங்குத்து விசை 590, உராய்வின் உச்ச அளவு 177. உடனே 173.2இலிருந்து 177ஐக் கழித்து, மைனஸ் 3.8 நியூட்டன் என்று எழுதிவிடுகிறார்கள். அது மெய்யானால், மூட்டை தள்ளுபவர் மேலேயே திரும்பி வர வேண்டும்! ஓய்வில் உள்ள பொருளின்மீது உராய்வு, தள்ளும் விசையின் கிடைக்கூறுக்குச் சமமான அளவுக்கு மட்டுமே எழும். 177 என்பது அது எட்டக்கூடிய எல்லை. எனவே இங்கே எழும் உராய்வு 173.2, நிகர விசை சுழி, மூட்டை இருந்த இடத்திலேயே இருக்கும்.