ஜியோமெட்ரி பெட்டிக்குள் பதினோரு கேப்சூல்கள்

கேள்வி: என் மகனுக்கு வயது 17. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குப் பொருத்தினார்கள். சென்ற வாரம் அவனுடைய ஜியோமெட்ரி பெட்டிக்குள் பதினோரு டாக்ரோலிமஸ் கேப்சூல்கள் (மாற்றுச் சிறுநீரகத்தை உடல் எதிர்க்காமல் இருக்க அவன் தினமும் போட வேண்டிய மருந்து) கிடந்தன. கேட்டால், "எனக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறான். திட்டியும் அழுதும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் மகனை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காலை மருந்துக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும். கேப்சூல் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்கு முந்தைய சில நாள் மட்டும் ஒழுங்காக மருந்து போட்டுக்கொண்டு வரும் பிள்ளைக்கும் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு சரியாகவே காட்டும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பினால் மருத்துவரும் ஏமாந்துபோவார்.

ஒன்றும் ஆகவில்லை என்று அவன் சொல்வது பொய்யன்று, சிக்கலே அதுதான். மாற்று உறுப்பை உடல் எதிர்க்கத் தொடங்கும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இருப்பதில்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறித்தான் தெரியவரும், அதற்குள் சேதம் நேர்ந்திருக்கும். அப்போது உருவாகும் எதிர்ப்பொருள்கள், பின்னாளில் வேறொரு சிறுநீரகம் பொருந்துவதையும் கடினமாக்கிவிடலாம். 17 முதல் 24 வயது வரையிலான பருவத்தில்தான் மாற்றுச் சிறுநீரகத்தை இழக்கும் அபாயம் மிகுதி என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், உங்கள் மகனை மட்டும் அடங்காப்பிள்ளை என்று எண்ண வேண்டாம்.

"ஏன் போடவில்லை" என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். "எந்த வேளை தவறுகிறது" என்று கேளுங்கள். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் போட வேண்டிய மருந்தை காலை எட்டு, இரவு எட்டு என்று வைத்திருந்தால், இரவு வேளை டியூஷனில் நண்பர்கள் நடுவில் வந்து நிற்கும். அதை ஆறு மணிக்கு மாற்றலாமா, நாளுக்கு ஒரு முறை போடும் வகை அவனுக்கு ஏற்குமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். ஸ்டீராய்டால் முகம் உப்புவதும் பருக்கள் வருவதும், டாக்ரோலிமஸால் கை நடுங்குவதும் இந்த வயதில் சிறு காரணங்கள் அல்ல. தவறிய வேளைக்கு ஈடாக அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது என்பதையும் அவனுக்குச் சொல்லி வையுங்கள்.

ஞாயிறுதோறும் வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை அவனே நிரப்பட்டும். நீங்கள் ஒரு முறை பார்த்தால் போதும். "நான் கொடுத்த கிட்னியை வீணாக்குகிறாயே" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அந்தக் கடன் சுமை அவனுக்கு ஏற்கெனவே உண்டு. சொல்லச் சொல்ல, ஒளிக்கும் இடம்தான் மாறும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அவன் பத்து நிமிடம் தனியாகப் பேசட்டும் என்று நீங்கள் வெளியே அமர்ந்திருங்கள்.