அடுக்களைக் கேள்வி-பதில்: சிலிண்டர் மாற்றும் அன்றைக்கு ஒரு வேலை

*எங்கள் வாடகை வீட்டுச் சமையலறை எட்டடிக்கு ஆறடி. போகிக்கு ஒரு தடவை, நவராத்திரிக்கு முன்னால் ஒரு தடவை எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து அடுக்குகிறேன். பத்தே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. டப்பாக்களை எல்லாம் ஒரே மாதிரியாக வாங்கி வைத்தால் சரியாகுமா அம்மா?*
*– வாசகி, குரோம்பேட்டை*

டப்பா வாங்காதீர்கள். இருக்கிற எவர்சில்வர் டப்பாவும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் போதும். எட்டுக்கு ஆறில் மூன்று வேளை சமைக்கும்போது ஒவ்வொரு பாத்திரமும் தினமும் பல தடவை இறங்கி ஏறுகிறது. அந்த இடத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை சுத்தம் செய்து நிறுத்திவைக்க யாராலும் முடியாது. உடம்பு நோவதுதான் மிச்சம்.

‘சனிக்கிழமை மேல் ஷெல்ஃப், ஞாயிறு கீழ் ஷெல்ஃப்’ என்று அட்டவணை போடச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை ஒரு கல்யாணம் வரும், அட்டவணை அன்றோடு நின்றுவிடும். வேலையை, வீட்டில் தானாக நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். திருவல்லிக்கேணியில் மெஸ் நடத்திய காலத்தில் நாங்கள் இப்படித்தான் செய்தோம். இரண்டு பேர் திரும்பினால் இடித்துக்கொள்ளும் அடுக்களை அது.

சிலிண்டர் மாற்றுகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலி சிலிண்டரை நகர்த்தியதும் அடியில் துருப்பிடித்த வட்டம், சிந்திய பருப்பு, ஈரம் எல்லாம் தெரியும். புதுசை உள்ளே தள்ளுவதற்கு முன் மேடைக்கடியைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். கால் மணி நேர வேலை. அன்றைக்கே ஆரஞ்சு நிற ரப்பர் குழாயையும் பாருங்கள். அதன் மேலேயே வருஷம் அச்சிட்டிருக்கும். 5 வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இரண்டு முனைகளிலும் விரலால் லேசாக வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் வருஷக் கணக்குப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கசிவு சந்தேகம் என்றால் சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது மளிகை வருகிற நாள். டப்பாக்கள் ஒழிந்து கிடப்பது அதற்கு முதல் நாள்தான். அடியில் மிச்சமிருக்கிற பழைய பருப்பின் மேலேயே புதுசைக் கொட்டாதீர்கள். பழையதை ஒரு கிண்ணத்தில் எடுத்து, டப்பாவை உலர்ந்த துணியால் துடைத்து, புதுசைக் கொட்டி, அதற்கு மேல் பழையதைப் போடுங்கள். டப்பா எடுத்த இடம் காலியாக இருக்கும்போதே ஷெல்ஃபையும் ஒரு துடை. இப்படி மாதா மாதம் நடந்தால் போகிக்கு இறக்க வேண்டிய சாமான் பாதிதான் இருக்கும்.

ஒன்று மட்டும் இடம் மாற்றுங்கள். மசாலாப் பொடிகளை அடுப்புக்கு நேர் மேலே வைத்திருந்தால் தள்ளி வையுங்கள். ஆவியும் சூடும் பட்டு மிளகாய்ப்பொடி நிறம் வெளுக்கும், தனியாப்பொடி கட்டி தட்டும்.

*காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தும் பச்சைப்பயறில் வண்டு வருகிறது. எப்படி உள்ளே போகிறது?*
*– வாசகி, மதுரை*

உங்கள் வீட்டில் உள்ளே போகவில்லை அம்மா, கடையிலிருந்தே கூட வருகிறது. ஒரு பிடி பயறைத் தட்டில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். சிலவற்றின் தோல்மேல் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கும். அதுதான் பயறு வண்டின் முட்டை. அதிலிருந்து வரும் புழு பயறைத் துளைத்து உள்ளே போய்த் தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். அரிசியில் வருகிற கூன்வண்டோ மணியைத் துளைத்து உள்ளேயே முட்டையிட்டு மூடிவிடும், அதனால் புள்ளிகூடத் தெரியாது.

எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் வண்டு வருவது இதனால்தான். வேப்பிலை, காய்ந்த மிளகாய் போடுவதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது. வாங்கி வந்ததும் நல்ல வெயிலில் காயவையுங்கள். இல்லையென்றால் கவரில் கட்டி ஃப்ரீஸரில் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், சில்லிப்பு போன பிறகு பிரித்தால்தான் பயறில் ஈரம் கோக்காது. சின்ன சமையலறைக்கு ஒரு மாதத்துக்கு மேல் பயறு வாங்கி அடுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அரை கிலோ போதும்.

*தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். வேலை முடிந்து வர இரவு பதினொன்று ஆகிறது. பாத்திரம் காலை வரை சிங்க்கிலேயே கிடக்கிறது, கரப்பான் தொல்லை தாங்கவில்லை.*
*– வாசகர், வேளச்சேரி*

அந்த நேரத்துக்கு வந்து எல்லாவற்றையும் தேய்க்கச் சொல்லமாட்டேன், தம்பி. எச்சிலைக் குப்பையில் தட்டி, பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி ஓரமாகக் கவிழ்த்து வையுங்கள். அப்புறம் சிங்க்கையும் மேடையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் படுங்கள். பட்டினியைத் தாங்குகிற அளவுக்குக் கரப்பான் தாகத்தைத் தாங்காது. ராத்திரியில் அது தேடி வருவது அந்த ஈரத்தைத்தான். குழாய் சொட்டினால் வாஷர் மாற்றுங்கள். பார்சல் வந்த அட்டைப்பெட்டிகளைச் சேர்க்காதீர்கள், கரப்பானின் முட்டைக்கூடு அதில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்கு வரும்.

ஃப்ரிட்ஜ் இருந்தால் பின்பக்கத்துத் தட்டில் தேங்கும் தண்ணீரை வாராவாரம் கொட்டி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு பரப்பும் கொசு முட்டையிட அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆகும்.

*மாமியார் பரண் நிறையப் பித்தளை அண்டாவும் வெண்கலப் பானையும் வைத்திருக்கிறார். எடுத்தால் வருத்தப்படுகிறார். எனக்கோ இடமில்லை.*
*– வாசகி, திருநெல்வேலி*

தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அது அவர் ஆண்ட சமையலறையின் சாமான். ஒரு நாள் அவரையே உட்காரவைத்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். எது பொங்கலுக்கு வேண்டும், எது பேத்திக்கு, எதை மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். வெண்கலப் பானை ஒன்றைக் கீழேயே வைத்து அதில் சோறு வடியுங்கள், அவருக்கும் மனம் குளிரும். மற்றதைப் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, சின்னதைப் பெரியதுக்குள் போட்டு ஏற்றுங்கள். பரண் கதவின் உள்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.