ஹைட்ராலிக் சிலிண்டரைக் கழற்றிவிட்டு மின் ஆக்சுவேட்டர் மாட்டலாமா?

கேள்வி: ரிவெட் அடிக்கும் மெஷினில் 50 மி.மீ. உள்விட்டமுள்ள ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கிறது. மொத்த நகர்வே 12 மி.மீ.; கடைசி 2 மி.மீட்டரில்தான் முழு விசை தேவை. எண்ணெயை அழுத்தி அனுப்பும் பவர் பேக் 200 பாரில் இருப்பதால் கணக்குப்படி 4 டன். எண்ணெய்க் கசிவு தாங்க முடியவில்லை. "5 டன்" எலெக்ட்ரிக் ஆக்சுவேட்டரை அப்படியே மாட்டிவிடலாம் என்கிறார் டீலர். வாங்கலாமா?

பதில்: மின்சாரத்துக்கு மாறலாம். ஆனால் அந்த 5 டன்னை நம்பி வாங்காதீர்கள்.

200 பார் என்பது, அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை வெளியே விடும் ரிலீஃப் வால்வு வைத்திருக்கும் உச்சவரம்பு. ரிவெட் நசுங்கும் நொடியில் சிலிண்டர் அருகே கேஜ் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 120 பார் என்றால் உங்கள் தேவை 2.4 டன்தான். இதைக் கேட்காமலேயே விலை சொல்பவர் உங்கள் வேலையைப் பார்த்து விற்கவில்லை.

அடுத்து, எந்த 5 டன்? நின்ற நிலையில் தாங்கும் சுமையா, ஓடும்போது தள்ளும் சுமையா? ஆக்சுவேட்டருக்குள் மோட்டாரின் சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூவில் (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) முதல் எண் இரண்டாவதைவிட மிகப் பெரியது. விளம்பரத்தில் பல நேரம் வருவது அந்தப் பெரிய எண்தான். ஓடும் சுமை இரட்டித்தால் ஸ்க்ரூவின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகிவிடும். டியூட்டி சைக்கிளையும் கேளுங்கள். 10 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம்தான் ஓடலாம். இவ்வளவு முக்கியமான எண்களைக் கேட்லாக்கின் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் போடுகிறார்கள்; கொள்முதல் பிரிவோ டன்னையும் விலையையும் மட்டும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறது. பல வருடமாகச் சொல்லியும் மாறவில்லை.

உங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு: நகர்வு மிகக் குறைவு. 5 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும்) ஸ்க்ரூ 12 மி.மீட்டருக்கு இரண்டரைச் சுற்றுகூடச் சுற்றாது. நட்டுக்குள் இருக்கும் குண்டுகள் முழு வலம் வராமல் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் உருளும். கிரீஸ் ஓரமாக ஒதுங்கிவிடும், அந்த இடம் மட்டும் தேயும். ஆயுள் கணக்கில் பல வருடம் வந்தாலும் இந்தத் தேய்மானம் அதில் சேராது. அதனால் நகர்வுக்கு மேல் உபரி நீளம் உள்ளதாக வாங்கி, அவ்வப்போது முழு நீளத்துக்கு ஓட்டிவிடும்படி புரோகிராமில் வையுங்கள். கிரீஸ் பரவும், குண்டுகளும் இடம் மாறும். குண்டுகளுக்குப் பதில் உருளைகள் உள்ள ரோலர் ஸ்க்ரூ அதிகச் சுமை தாங்கும். அதற்கும் கிரீஸ் போய்ச் சேர வேண்டும்.

விசை கடைசி 2 மி.மீட்டரில் மட்டும் வேண்டும் என்பதால் இரண்டு இரும்புக் கைகளை மூட்டில் இணைத்த டாகிள் அமைப்பையும் விசாரியுங்கள். இரு கைகளும் நேர்கோட்டை நெருங்கும்போது விசை பெருகும், சிறிய மோட்டார் போதும். ரிவெட் நீளம் மாறிக்கொண்டே இருந்தால் மட்டும் இது ஒத்துவராது.

இன்னொன்று, எண்ணெயோடு சேர்ந்து ரிலீஃப் வால்வும் போய்விடுகிறது. ரிவெட் கோணலாகச் சிக்கினால் வால்வு திறந்து காப்பாற்றியது; ஆக்சுவேட்டரை ஓட்டும் சர்வோ மோட்டாரோ தன் சுழற்சி வேகத்தின் பலத்தையும் சேர்த்து ஸ்க்ரூவில் இடிக்கும். மோட்டார் கரண்டை வைத்து விசையைக் கணிப்பது இதற்குப் போதாது. ரிவெட்டை அழுத்தும் பஞ்சின் பின்னால் விசையை நேரடியாக அளக்கும் லோட் செல் வைத்து, வரம்பு தாண்டியதும் நிறுத்த வேண்டும். கடைசித் தூரத்தில் வேகத்தையும் குறைக்க வேண்டும். லோட் செல் சேர்க்காத கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.